கேளுங்க சொல்றேன்: பழைய பூதங்களைத் திரும்பத் தட்டி எழுப்பலாமா?

வணக்கம் மக்களே. பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன், பேய்க்கதை, மாயாஜாலக் கதை இதெல்லாம் திரும்ப எடுத்துப் படிக்கிறவங்க, பாக்குறவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல ஒரு வரி போட்டோம், கட்டுக்கட்டா வந்திருக்கு. "டெர்மினேட்டர் நிஜமாயிருமா சார்"ன்னு வந்ததையெல்லாம் ஓரமா வெச்சுட்டேன். மிச்சத்துலேருந்து கொஞ்சம்.

ஃப்ராங்கன்ஸ்டைன் நாவல் வாங்கிப் படிக்க ஆரம்பிச்சேன். மின்னலைக் காணோம், லேபைக் காணோம், கூன் விழுந்த அசிஸ்டென்டையும் காணோம், ஆரம்பமே ஒரே கடுதாசியா இருக்கு. தப்பான புக்கு வாங்கிட்டேனா? (வாசகி, கும்பகோணம்)

சரியான புக்குதான் மேடம், நீங்க தேடுற சாமானெல்லாம் 1931ல வந்த படத்துல இருக்கு. தட்டையான தலை, கழுத்துல போல்ட்டு எல்லாம் ஜாக் பியர்ஸ்னு ஒரு மேக்கப்காரர் போரிஸ் கார்லாஃப் மேல செஞ்சு வெச்ச வேலை. 1818ல மேரி ஷெல்லி எழுதின புக்குல அந்த ராட்சசன் உயிர் பெறுற இடம் எவ்ளோ சாதாரணமா வருதுன்னு பாருங்க, நவம்பர் மாசத்து ராத்திரி, ஜன்னல்ல மழை அடிக்குது, மெழுகுவத்தி அணையப் போகுது, அது கண்ணைத் தொறக்குது, அவ்ளோதான். அதைச் செஞ்ச விக்டர் பயந்துபோய் பெட்ரூமுக்கு ஓடிர்றான்.

அப்புறம் முக்கியமான விஷயம், புக்குல அது பேசும். படத்துல "உர்ர்"னு மட்டும் சொல்ற அதே ஆளு, எட்டடி உயரம், ஒரு குடிசைக்குப் பக்கத்துல ஒளிஞ்சுக்கிட்டு சுவத்து ஓட்டை வழியா அந்த வீட்டுக்காரங்க பேசுறதக் கேட்டுக் கேட்டே பாஷை கத்துக்குது, மில்டனோட பாரடைஸ் லாஸ்ட் காவியம் படிக்குது, கடைசில தன்னைச் செஞ்சவன் முன்னாடி வந்து நின்னு, என்னைப் படைச்சிட்டு ஏன் விட்டுட்டு ஓடினேன்னு வக்கீல் தோத்துப்போற மாதிரி கேக்குது. அந்தப் பக்கங்கள் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு படிங்க, அதுக்கப்புறம் கீழ வைக்க மாட்டீங்க.

இதை எழுத ஆரம்பிக்கும்போது மேரிக்கு 18 வயசு. 1815ல இந்தோனேசியால தம்போரா எரிமலை வெடிச்சு அதோட சாம்பல் வானத்துல பரவினதுல அடுத்த வருஷம் ஐரோப்பால கோடையே வரல, ஜெனீவா ஏரிக்கரைக்குப் போன இவங்க கூட்டம் மழையில வீட்டுக்குள்ளயே மாட்டிக்கிச்சு, கூட இருந்த கவிஞர் பைரன் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம்னு சொன்னாரு. இந்தக் கதைய எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்கு முந்தின வருஷம் மேரிக்குப் பொறந்த முதல் குழந்தை சில நாள்லயே செத்துப்போச்சு, செத்தது குளிர்லதான் கெடந்துச்சு, நெருப்புகிட்ட வெச்சுத் தேச்சுவிட்டதும் உயிர் வந்துருச்சுன்னு கனவு கண்டதா டைரில எழுதி வெச்சிருக்காங்க. இது தெரிஞ்சிட்டு அந்தக் கண்ணு தொறக்கிற இடத்தைத் திரும்பப் படிங்க. என்னைக் கேட்டா இது பெத்துப் போட்டுட்டு ஓடிப்போன ஒரு அப்பனோட கதை. முதல் பதிப்புல எழுதினவங்க பேரே இல்லாம வந்துச்சு, நிறையப் பேரு அவங்க புருஷன் பெர்சி ஷெல்லிதான் எழுதியிருப்பாருன்னு நெனச்சாங்க, வழக்கம்போல.

டிராகுலா வெயில் பட்டா சாம்பலாயிருவான்னுதானே எல்லாப் படத்துலயும் காட்டுறாங்க? நாவல்ல பட்டப்பகல்ல லண்டன்ல உலாத்துறானே? (வாசகர், திண்டுக்கல்)

ஆமா, பிராம் ஸ்டோக்கர் 1897ல எழுதினதுல பகல்ல அவனோட சக்தி கொறையும், ஆனா வெளிய வரலாம், பிக்கடில்லி தெருவுல நின்னு பொண்ணுங்களை வேடிக்கை பாக்குறான், பெரிய மீசை வேற வெச்சிருக்கான். வெயில்ல அழிஞ்சுபோற ஐடியா 1922ல ஜெர்மன்காரங்க எடுத்த நோஸ்ஃபெராட்டு படத்துல வந்தது. அது உரிமை வாங்காம பேரை மட்டும் மாத்தி எடுத்த படம், ஸ்டோக்கரோட மனைவி விடாம கேஸ் போட்டு, 1925ல எல்லாப் பிரிண்டையும் அழிக்கணும்னு ஜெர்மன் கோர்ட்டே சொல்லிருச்சு. எப்படியோ சில பிரிண்ட் தப்பிச்சு வந்துருச்சு. ஆக, இன்னைக்கு எல்லா ரத்தக்காட்டேரிப் படமும் பயபக்தியோட ஃபாலோ பண்ற சட்டம் ஒரு திருட்டுப் படத்துலேருந்து வந்தது. நாவல் முடிவுலகூட மரக்கட்டை ஆப்பெல்லாம் இல்ல, டிராகுலாவை ரெண்டு பேரு கத்தியாலதான் முடிக்கிறாங்க.

படிக்கலாமான்னா, முதல் நாலு சாப்டர் கோட்டைக்குள்ள நடக்குறது, சுவத்துல தலைகீழா பல்லி கணக்கா எறங்குவானே அந்த இடம், இன்னைக்கும் அதை அடிச்சுக்க ஆளில்ல. நடுவுல டிராகுலாவைத் துரத்துற புரொஃபசர் வான் ஹெல்சிங் லெக்சர் எடுப்பாரு, வேகமாத் தாண்டுங்க, ஒண்ணும் கொறஞ்சிராது. ஆனா மீனாவை மட்டும் தாண்டிராதீங்க. ஆபீஸ்ல எல்லாரும் சொன்னதையும் பொறுமையா எக்ஸெல்ல ஏத்துற ஒருத்தங்க இருப்பாங்களே, அவங்கதான் மீனா, டைரி, தந்தி, ஃபோனோகிராஃப் உருளைல பேசிப் பதிஞ்சது எல்லாத்தையும் தேதிவாரியா டைப் அடிச்சு ஃபைல் போட்டதுனாலதான் அவனைப் பிடிக்கவே முடியுது, பேரு என்னவோ வான் ஹெல்சிங்குக்கு.

பையனுக்குப் பழைய காட்ஸில்லா போட்டுக் காட்டினேன். ரப்பர் சூட்டு போட்ட அங்கிள்னு விழுந்து விழுந்து சிரிக்கிறான். (வாசகர், மதுரை)

எந்தப் படம் போட்டீங்க? நடுநடுவுல ஒரு அமெரிக்க ரிப்போர்ட்டர் வந்து விளக்கம் சொல்லிட்டிருந்தா அது 1956ல அமெரிக்காவுக்காக வெட்டி ஒட்டினது, மூடி வைங்க. 1954 ஜப்பானிய ஒரிஜினல் வேற மாதிரி. அந்த வருஷம் மார்ச் 1ஆம் தேதி அமெரிக்கா பிகினி தீவுல ஹைட்ரஜன் குண்டு சோதனை பண்ணுச்சு, அந்தச் சாம்பல் ஒரு ஜப்பான் மீன்பிடிப் படகு மேல கொட்டி 23 பேரும் கதிர்வீச்சுல மாட்டினாங்க, அதுல ரேடியோ ஆபரேட்டரா இருந்தவர் செப்டம்பர்ல எறந்துபோனாரு. நவம்பர் 3ஆம் தேதி படம் ரிலீஸ். முதல் சீன்ல கடல் நடுவுல பளிச்சுன்னு ஒரு வெளிச்சம், படகு எரியுது. அன்னைக்கு தியேட்டர்ல உக்காந்திருந்த ஜப்பான்காரனுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையிருந்திருக்காது.

சூட்டு ரப்பர்தான், கிட்டத்தட்ட 100 கிலோ, அதுக்குள்ள நகாஜிமான்னு ஒருத்தர் வெந்து அவிஞ்சு நடந்தாரு. அந்தக் கத்தல் இருக்கே, அது ஒரு பெரிய டபுள் பேஸ் வாத்தியக் கம்பி மேல பிசின் தடவின தோல் கையுறையால உரசி எடுத்த சத்தம், பையன்கிட்ட இதைச் சொல்லுங்க, அடுத்த தடவை காது குடுப்பான். ஒரு அம்மா எரியுற தெருவோரம் குழந்தைங்களைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, அப்பாகிட்ட போயிரலாம்னு சொல்ற இடம் ஒண்ணு வரும். அங்க அவன் சிரிச்சா எனக்கு மறுபடி எழுதுங்க.

1938ல செவ்வாய் கிரகத்துக்காரங்க வந்துட்டாங்கன்னு ரேடியோ நாடகம் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடுச்சாமே? (வாசகர், கரூர்)

அமெரிக்காவே எல்லாம் ஓடல. சில பேரு பயந்தது நிஜம், மறுநாள் பேப்பர்காரங்க அதை ஊதிப் பெருசாக்கிட்டாங்க, ரேடியோ அவங்க விளம்பரத்தைப் புடுங்கிட்டிருந்த காலம் அது. அந்த நேரத்துல நிறையப் பேரு வேற ஸ்டேஷன்ல பொம்மையப் பேசவைக்கிற ஒருத்தர் ஷோவைக் கேட்டுட்டிருந்தாங்க (ரேடியோல வாய் அசையாம பேசுறத என்னத்தப் பாத்து ரசிச்சாங்களோ). நீங்க அந்த நாடகத்தை விட்டுட்டு அதுக்கு மூலமான ஹெச்.ஜி. வெல்ஸோட 1898 நாவல் த வார் ஆஃப் த வேர்ல்ட்ஸுக்குப் போங்க. முதல் சாப்டர்லயே சொல்லிர்றாரு, செவ்வாய்க்காரனைத் திட்டுறதுக்கு முன்னாடி நாம டாஸ்மேனியா தீவுப் பூர்வகுடிகளை எப்படி அழிச்சோம்னு யோசிச்சுப் பாருன்னு. இங்கிலாந்துக்காரனே இங்கிலாந்துக்காரனைப் பாத்து, அதுவும் பேரரசு உச்சத்துல இருந்தப்ப கேட்டது.

ஆர்தர் சி. கிளார்க் எங்கட கோணேசர் கோயிலடிக் கடலுக்க இறங்கினவர் எண்டு அப்பப்பா சொல்லுவார். உண்மையோ, இல்லாட்டி ஊர்க்கதையோ? (வாசகர், திருகோணமலை)

அப்பப்பா சொன்னது உண்மைங்க. சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் கிளார்க் 1956லயே இலங்கைக்குக் குடிவந்துட்டாரு, 2008ல கொழும்புலதான் எறந்தாரு, அவரை இழுத்துட்டு வந்ததே கடலுக்குள்ள டைவ் அடிக்கிற பைத்தியம்தான். 1620கள்ல போர்த்துக்கீசர் இடிச்ச கோயிலோட தூணும் செதுக்கின கல்லும் சுவாமி மலைக்குக் கீழ கடலடில கெடந்ததை அவரோட கூட்டாளி மைக் வில்சன் கண்டுபிடிச்சாரு, கிளார்க் அதையெல்லாம் 1957ல புக்காவே எழுதிட்டாரு.

கிளார்க்கோட நாவல்ல எதைத் திரும்ப எடுக்கலாம்னா 1979ல வந்த த ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ். பூமிலேருந்து 36,000 கிலோமீட்டர் ஒசரத்துக்கு லிஃப்ட்டு கட்டுற கதை, லிஃப்ட்டு நிக்க பூமத்திய ரேகைல ஒரு மலை வேணும், அதுக்காக மனுஷன் இலங்கையையே நைஸா தெக்கால நகத்தி வெச்சுட்டாரு. சிவனொளிபாத மலையும் சிகிரியாவும் வேற பேர்ல வரும், உங்க ஊர்க்காரங்க பாத்ததும் கண்டுபிடிச்சிருவீங்க.

இந்த மைக் வில்சனை மறந்துராதீங்க, கீழ திரும்ப வர்றாரு.

ஈ.டி. படம் சத்யஜித் ராய்கிட்டேருந்து சுட்டதுன்னு என் ஃப்ரெண்டு அடிச்சுச் சொல்றான். நிஜமா? (வாசகர், புதுச்சேரி)

ராய் 1967ல த ஏலியன்னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாரு, வங்காளத்துக் கிராமத்துல தாமரைக் குளத்துக்குள்ள விண்கலம் எறங்குது, ஊர்க்காரங்க அது மூழ்கிப்போன கோயில்னு நெனச்சுக் கும்புடுறாங்க, உள்ள இருக்குற சின்ன ஜீவன் ரொம்ப நல்லது. இதைக் கிளார்க்கிட்ட சொன்னாரு, கிளார்க் மூலமா உள்ள வந்தவர்தான் மைக் வில்சன், நெஜமாவே மூழ்கிப்போன கோயிலைப் பாத்த அதே ஆளு! ஹாலிவுட் வரைக்கும் ராயைக் கூட்டிட்டுப் போனாரு, கொலம்பியா படக் கம்பெனி, நடிகர் பீட்டர் செல்லர்ஸ்னு பேச்செல்லாம் நடந்துச்சு, அங்க போய்ப் பாத்தா சைக்ளோஸ்டைல் பண்ணின ஸ்கிரிப்ட்டுல காப்பிரைட்டுன்னு ராய் பேரோட வில்சன் பேரும் சேந்து அடிச்சிருக்கு. படம் நடக்கவே இல்ல. வில்சன் பின்னாடி சாமியாராகி சுவாமி சிவ கல்கின்னு பேரு வெச்சுக்கிட்டாரு, இதை நான் கதையா எழுதினா எடிட்டர் நம்ப மாட்டாரு.

1982ல ஈ.டி. வந்ததும் கிளார்க்கே ராய்க்கு ஃபோன் போட்டு ஒத்துமையைப் பத்திச் சொன்னாரு. அமெரிக்கா பூரா சுத்தின தன் ஸ்கிரிப்ட் பிரதிகள் இல்லாம அந்தப் படம் வந்திருக்காதுன்னு ராய் சொன்னாரு. ஈ.டி. டைரக்டர் ஸ்பீல்பெர்க் மறுத்தாரு, அது சுத்தின காலத்துல நான் ஸ்கூல் பையன்னு சொன்னாரு, ஆனா அவர் ஸ்கூல் முடிச்சது 1965, ஸ்கிரிப்ட் 1967. அதனால சுட்டாருன்னு ஆயிராது, கோர்ட்டுக்கும் யாரும் போகல. உங்க ஃப்ரெண்டுகிட்ட "அடிச்சுச் சொல்லாத, சந்தேகமாச் சொல்லு"ன்னு சொல்லுங்க.

பிளேட் ரன்னர்ல எந்த வெர்ஷன் பாக்கணும்? (வாசகி, சென்னை)

2007ல வந்த ஃபைனல் கட். 1982 தியேட்டர் வெர்ஷன்ல ஹீரோ பின்னணில பேசிக்கிட்டே இருப்பாரு, கடைசில சந்தோஷமா கார்ல போவாங்க, அந்த மலைக்காட்சிகூட த ஷைனிங்குக்காக எடுத்து மிச்சமான ஃபிலிம். அது வந்த அதே 1982 ஜூன் 25ஆம் தேதிதான் த திங் படமும் ரிலீஸாச்சு, ரெண்டும் அப்ப ஓடல, ரெண்டு வாரம் முன்னாடி வந்த ஈ.டி.தான் ஊரைக் கட்டிப்போட்டிருந்துச்சு. த திங்கும் பாருங்க, சாப்பிட்டுட்டு வேணாம்.

நம்ம ஊர்ல அந்தக் காலத்துல இதெல்லாம் யாரும் முயற்சி பண்ணலையா? (வாசகர், சேலம்)

சேலத்துல உக்காந்துக்கிட்டு இதைக் கேக்குறீங்களே! உங்க ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952லயே அமெரிக்கக் கம்பெனியோட சேந்து காட்டுக்குள்ள மாமத் யானை வர்ற த ஜங்கிள் எடுத்தாங்க. 1963ல எம்.ஜி.ஆரோட கலை அரசி வந்துச்சு, வேற கிரகத்துல விஞ்ஞானம் இருக்கு, பாட்டும் ஆட்டமும் இல்ல, அதனால நம்பியார் பறக்கும் தட்டுல வந்து பானுமதியைத் தூக்கிட்டுப் போறாரு. ஹாலிவுட் ஏலியனெல்லாம் பூமிக்கு வந்து தண்ணியும் நிலமும் கேட்டப்ப நம்ம ஏலியன் பாட்டு டீச்சர் கேட்டிருக்கான். எனக்கு இந்த லாஜிக் ரொம்பப் பிடிக்கும்.

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூணு படமும் மனப்பாடம். இனிமே புக்கு எதுக்கு? (வாசகி, ஈரோடு)

படத்துல இல்லாத ஒரு சாப்டருக்காக. மோதிரத்தை அழிச்சிட்டு ஹாபிட்டுங்க ஊருக்குத் திரும்பினா ஊர் அப்படியே பச்சைப்பசேல்னு இருக்குற மாதிரிதானே படத்துல பாத்தீங்க, புக்குல அப்படி இல்ல, ரவுடிக் கூட்டம் ஊரைப் பிடிச்சு, மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்ச்சு, புகை கக்குற மில்லு கட்டி வெச்சிருக்கு, உலகத்தைக் காப்பாத்திட்டு வந்த களைப்போட சொந்தத் தெருவுல மறுபடி சண்டை போடணும். இதை எழுதின டோல்கீன் முதல் உலகப் போர்ல, 1916ல சோம் போர்க்களத்துல இருந்துட்டு காய்ச்சலோட திரும்பினவர், நெருங்கின நண்பர்கள் பல பேரு திரும்பல. மூணாவது பாகத்துல கடைசிக்கு முந்தின சாப்டர் அது, நேரா அங்க போனாலும் தப்பில்ல. நடுவுல பாட்டுங்க நிறைய வரும், யாரும் உங்களுக்குப் பரீட்சை வைக்கப்போறதில்ல, தாண்டிப் போங்க.