சும்மா கிடக்கும் போனில் சார்ஜ் எங்கே போகிறது?

கேள்வி: என் போனில் 5,000 எம்ஏஎச் பேட்டரி. வீட்டில் இருக்கும் நாளில் இரவு வரை சார்ஜ் நிற்கிறது. வேலை செய்யும் இடம் தரைக்குக் கீழே ஒரு அறை. அங்கே மேஜைமேல் சும்மா கிடந்தாலே மதியத்துக்குள் பாதி காலி. போன் பழுதா? 6,000 எம்ஏஎச் உள்ளதாக மாற்றிவிடலாமா?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை. அதே அறையில் இரண்டு மணி நேரம் போனை ஏர்பிளேன் மோடில் வைத்து எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் ஏர்பிளேன் மோடு இல்லாமல் பாருங்கள். முதல் நாள் ஏறக்குறைய இறங்காமல் இருந்து, இரண்டாம் நாள் மளமளவென்று இறங்கினால் போன்மேல் தப்பில்லை, அறைதான் காரணம். ஏர்பிளேன் மோடிலும் இறங்கினால் ஏதோ ஒரு ஆப் அல்லது பேட்டரியே கெட்டிருக்கிறது, சர்வீஸில் காட்டுங்கள்.

உங்கள் விஷயத்தில் அறை என்றே நினைக்கிறேன். டவர் தெளிவாகக் கிடைக்கும் இடத்தில் போன் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒன்றிரண்டு விநாடிக்கு ஒருமுறை சட்டென்று விழித்து, நமக்கு ஏதாவது அழைப்பு உண்டா என்று டவரைக் கவனித்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். சிக்னல் மங்கினால் இந்தத் தூக்கம் கெடுகிறது. பக்கத்தில் வேறு டவர் தேறுமா என்று அளந்துகொண்டே இருக்கும். 5ஜியிலிருந்து 4ஜிக்கும், அங்கிருந்து 2ஜிக்கும் தாவும். எதுவுமே அகப்படாவிட்டால் ஒவ்வொரு அலைவரிசையாகத் துழாவும்.

போதாக்குறைக்கு, அனுப்பும் சக்தியும் ஏறுகிறது. சாதாரண 4ஜி போன் அதிகபட்சம் 200 மில்லிவாட் அளவுக்கு அலையை வெளியே அனுப்பும். எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதை டவர்தான் சொல்லிக்கொண்டே இருக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவானதே போதும். கான்கிரீட்டுக்கு அடியில் இருந்து ஒரு சின்ன செய்தி அனுப்பவும் ஏறக்குறைய முழுச் சக்தி வேண்டும். அந்த 200 மில்லிவாட்டுக்காக பேட்டரி அதைப்போலப் பல மடங்கு கொடுக்கிறது. மீதி சூடாகப் போகிறது. எடுத்துப் பார்க்கும்போது போன் கதகதப்பாக இருக்குமே, அந்தச் சூடுதான்.

என்ன செய்யலாம்? அங்கே வைஃபை இருந்தால் ஏர்பிளேன் மோடைப் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். உங்கள் சிம் நிறுவனமும் போனும் வைஃபை காலிங் தருமானால் அழைப்பும் அதிலேயே வரும். வைஃபை இல்லையா? 5ஜியை அணைத்து 4ஜியில் நிறுத்திப் பாருங்கள், தாவல் குறையும். இரண்டு சிம் போட்டிருந்து அதில் ஒன்றுக்கு அங்கே டவரே இல்லையென்றால், அதை அணைத்துவிடுங்கள். இந்த ஒன்றை யாரும் யோசிப்பதில்லை. பேசாத சிம்தானே என்று விட்டுவிடுகிறோம், அது பாட்டுக்குத் தேடிக்கொண்டிருக்கும்.

6,000 எம்ஏஎச் என்றால் 20 சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். பாதி காலியாவது மதியத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப்போகும். அதற்காக நல்ல போனை மாற்றாதீர்கள்.

கேள்வி: பேட்டரியைச் சேமிக்கும் ஆப் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆண்ட்ராய்டில் 2015-ல் வந்த 6.0 பதிப்பிலிருந்தே, போன் அசையாமல் கிடக்கும்போது ஆப்களை அடக்கி வைக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. இந்தச் சேமிப்பு ஆப்கள் செய்வது பெரும்பாலும் மற்ற ஆப்களை மூடுவது. மூடியதை நீங்கள் மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து ஏற்றுவதற்குத்தான் அதிக சார்ஜ் போகிறது.

கேள்வி: டார்க் மோடு போட்டால் சார்ஜ் மிச்சமாகும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?

பதில்: உங்கள் திரை எல்சிடியாக இருக்கலாம். அதில் பின்னால் எரியும் விளக்கு கறுப்புப் படத்துக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஓஎல்இடி திரையில்தான் கறுப்புப் புள்ளி உண்மையிலேயே அணைகிறது. இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திரை சாம்பலாக மினுங்கினால் எல்சிடி. ஓஎல்இடியிலும் வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருப்பவருக்குத்தான் நல்ல மிச்சம். பாதிக்குக் கீழே வைத்திருப்பவருக்குச் சில சதவீதம்தான். எந்தத் திரையானாலும் வெளிச்சத்தைக் குறைப்பதே முதல் வேலை.

கேள்வி: எம்ஏஎச் எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாதென்றால் வேறு எதைப் பார்ப்பது?

பதில்: எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைப் பாருங்கள். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு ஒரு மின்சக்தி லேபிள் கட்டாயம். ஒரே மாதிரியான சோதனையில் ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை தடவை சார்ஜ் ஏற்றிய பிறகும் பேட்டரி 80 சதவீதம் தாங்கும் என்று இரண்டும் அதில் இருக்கும். நீங்கள் வாங்கும் மாடல் அங்கும் விற்பனையில் இருந்தால் தேடிப் பாருங்கள். ஆனால் ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு பேட்டரி அளவை மாற்றுகிறார்கள். அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலையேறும் குழுவுக்கு 5 வாட் வாக்கி-டாக்கி வாங்கினோம். பெட்டியில் 12 மணி நேரம் என்று போட்டிருந்தது. 6 மணி நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது, கணக்கு வேறு. இந்தக் கருவிகளுக்கு வழக்கமாகப் போடும் கணக்கு 5-5-90: நேரத்தில் 5 சதவீதம் பேசுவது, 5 சதவீதம் கேட்பது, 90 சதவீதம் அமைதி. அதாவது ஒரு மணி நேரத்தில் 3 நிமிடம்தான் பேச்சு. மலையேறும் குழு 3 நிமிடத்தோடு நிறுத்துமா! பேசும்போது இழுக்கும் மின்சாரம் சும்மா இருக்கும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு.

அதனால் லோ பவரில் பேசுங்கள், பெரும்பாலான 5 வாட் கருவிகளில் அது உண்டு. சக்தி குறையும் அதே அளவுக்குத் தூரமும் குறைந்துவிடுமே என்ற பயம் தேவையில்லை. திறந்தவெளியில்கூட நான்கு மடங்கு சக்தி கொடுத்தால்தான் தூரம் இரண்டு மடங்காகும். நடுவில் மலை முகடு மறித்தால் 5 வாட்டும் பெரிதாக உதவாது. நாலடி மேலே ஏறிப் பேசுவதே மேல். ஸ்க்வெல்ச்சை, அதாவது யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பை, ரொம்பக் குறைத்து வைத்து, ஸ்பீக்கர் இரைந்துகொண்டே இருந்தால் அதுவும் சார்ஜைத் தின்னும். மெனுவில் பேட்டரி சேவ் இருந்தால் ஆன் செய்யுங்கள்; அதில் கேட்கும் கருவி இடையிடையே தூங்குவதால் முதல் சொல் விழுங்கப்படலாம், எனவே பட்டனை அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேசச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் போதாவிட்டால் ஆளுக்கு ஒரு உபரி பேட்டரி வாங்குங்கள். அப்புறம், 5 வாட் கருவிக்குப் பல நாடுகளில் உரிமம் வேண்டும், அதை முடித்துவிட்டீர்களா?