ரிங் ஏறும் முன் காப்பி குடிக்கலாமா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துப் பாக்சிங் பிள்ளைகளும் வீட்டாரும் கேட்டவை இவை.

மாஸ்டர், காப்பி குடித்தால் டோப் டெஸ்டில் மாட்டுவோமா?

மாட்ட மாட்டீர்கள். 2004-லேயே தடைப் பட்டியலிலிருந்து காப்பியில் இருக்கும் காஃபீனை எடுத்துவிட்டார்கள். வாடா (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) அதைக் கண்காணிக்க மட்டும் செய்கிறது. பயப்பட வேண்டியது பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ப்ரீ-வொர்க்கவுட் பவுடருக்கு. அதில் தடை செய்த ஊக்கமருந்து கலந்திருந்தாலும் டப்பாவில் பெயர் இல்லாமல் போகலாம். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

என் எடை 60 கிலோ. காஃபீன் எவ்வளவு எடுக்கலாம்?

கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில் 180. ஆய்வுகளில் 3 முதல் 6 வரை பலன் தெரிகிறது. 9-க்குப் போனால் படபடப்பும் கை நடுக்கமும்தான் கூடும். பௌட்டுக்கு (ரிங்கில் மோதும் ஆட்டத்துக்கு) ஒரு மணி நேரம் முன்பு எடுங்கள். காப்பியில் அளவு டிகாஷனைப் பொறுத்து மாறும், அதனால் முதலில் ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) நாளில் குடித்துப் பாருங்கள். போட்டியன்று புதிதாக எதையும் தொடாதீர்கள்.

சாயங்காலம் பௌட். காப்பி குடித்து ஜெயித்தேன், ஆனால் ராத்திரி தூங்கவே இல்லை அண்ணா. மறுநாள் செமிஃபைனல்.

நான் விளையாடிய காலத்தில் இதே தப்பைச் செய்திருக்கிறேன் தம்பி. உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 6 மணிக்கு 180 எடுத்தால் 11 மணிக்கும் 90 உள்ளே நிற்கும். நாள் முழுக்கச் சேரும் களைப்பை மூளைக்குச் சொல்வது அடினோசின் என்ற ரசாயனம். காஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்து கொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். தூங்காத கண்ணுக்கு எதிராளியின் ஜாப் குத்து தாமதமாகத்தான் தெரியும். அடுத்தடுத்த நாள் பௌட் இருக்கும் போட்டியில் சாயங்காலக் காப்பி வேண்டாம். கடைசி நாள் ஃபைனலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எடை பார்ப்பதற்கு முந்தின நாள் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) மட்டும் குடித்தால் எடை இறங்குமா?

தினமும் டீ குடிக்கிறவருக்கு அதனால் பெரிதாக நீர் வெளியேறாது. தண்ணீரை நிறுத்துவதுதான் எடையை இறக்கும், அதுதான் ஆபத்தும். வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்க உங்களை நான் அனுப்ப மாட்டேன். ஒரு எடைக் கேட்டகரி மேலே ஆடுங்கள்.

பையனுக்கு 14 வயது. எனர்ஜி டிரிங்க் கேட்கிறான் மாஸ்டர்.

வேண்டாம் அக்கா. 250 மில்லி டப்பா ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் காஃபீனும் நிறையச் சர்க்கரையும் இருக்கும். டிரெயினிங்குக்கு முன் இரண்டு நேந்திரம்பழம் கொடுத்து அனுப்புங்கள், போதும்.