கேட் (CAD) கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் பையனை ஒரு ஷாஃப்ட் வரையச் சொல்லுங்கள்

வணக்கம் அம்மா. டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கும் மகன், ஆறு மாதத்தில் ஐந்து சாப்ட்வேர் சொல்லித் தரும் கேட் (கம்ப்யூட்டரில் டிசைன் வரைவது) சென்டரில் சேர்ந்தே தீருவேன் என்கிறான், நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நகை இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும். டிசைன் வேலை நல்ல வேலைதான், அவன் ஆசையிலும் தப்பில்லை. ஆனால் அவனுக்கு இப்போது என்ன தேவை என்பது ஒரே ஒரு ஷாஃப்டை (இயந்திரத்தில் சுழலும் தண்டு) வரைய வைத்தால் தெரிந்துவிடும். கீழே கொஞ்சம் தொழில் பேச்சு வரும். உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, அவனிடம் காட்டுங்கள்.

ஏன் ஷாஃப்ட்? கோவை பம்பு கம்பெனி, அம்பத்தூர் எஸ்டேட், ஓசூர் என்று எங்கே போனாலும் லேத்தில் கடைந்து எடுக்கிற உருண்டைப் பாகங்கள் இல்லாத இடமில்லை. ஷாஃப்ட், புஷ், புல்லி, ஃபிளாஞ்ச் எல்லாமே கடைசல் வேலைதான். இன்டர்வியூவில் ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து, 'உட்கார்ந்து மாடல் பண்ணு' என்று சொல்வதும் சாதாரணம்.

பையனிடம் இப்படிச் சொல்லுங்கள்: 180 மி.மீ. நீள ஷாஃப்ட். நடுவில் 32 மி.மீ. விட்டம். அதன் இரண்டு பக்கமும் 6205 பேரிங் (உள்துளை 25 மி.மீ.) உட்கார 25 மி.மீ. ஒரு முனையில் 20 மி.மீ., அதில் ஒரு கீ-வே (புல்லி போன்றதைப் பூட்டும் கீ உட்காரும் பள்ளம்).

பெரும்பாலான பையன்கள் ஒரு வட்டம் வரைந்து எக்ஸ்ட்ரூட் (நீளவாக்கில் இழுத்து உருவமாக்குவது), அதன் முகத்தில் இன்னொரு வட்டம், மறுபடி எக்ஸ்ட்ரூட் என்று போவார்கள். உருவம் வந்துவிடும். ஆனால் நீளம் ஒன்றை மாற்றச் சொன்னால் எந்த ஃபீச்சரைத் திறப்பது என்று தேடுவார்கள். கடைசல் பாகத்துக்கு உரியது ரிவால்வ். நடுவில் ஒரு சென்டர்லைன், அதற்கு ஒரு பக்கத்தில் மட்டும் பாதி உருவம், கோடு எங்கும் விட்டுப்போகாமல் மூடியிருக்க வேண்டும், சென்டர்லைனைத் தாண்டிப் போகக் கூடாது. அதை 360 டிகிரி சுற்றினால் முழு ஷாஃப்டும் ஒரே ஸ்கெட்சில் நிற்கும். எல்லா அளவும் ஒரே இடத்தில் கண்ணில் படும்.

அளவு கொடுக்கிற இடத்தில்தான் நான் ஆளை எடை போடுவேன். பாதி உருவம்தானே என்று 25-க்கு 12.5 என்று ஆரம் போட்டிருந்தால், அவன் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை என்று அர்த்தம். டர்னர் மைக்ரோமீட்டரை வைத்து அளப்பது விட்டத்தை. சிஎன்சி லேத்திலும் எக்ஸ் அளவை வழக்கமாக விட்டமாகத்தான் கொடுப்பார்கள். டாலரன்ஸும் (அளவில் அனுமதிக்கிற ஏற்ற இறக்கம்) விட்டத்துக்குத்தான்: 25 கே6 என்று குறி இருந்தால் 25.002-லிருந்து 25.015 வரை, அவ்வளவுதான் இடம். சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் சாப்ட்வேரில் கோட்டையும் சென்டர்லைனையும் தொட்டுவிட்டு கர்சரை மறுபக்கம் கொண்டுபோனால் விட்டமாகவே அளவு விழும். சாலிட் எட்ஜ் என்ற இன்னொன்றில் சிமெட்ரிக் டயாமீட்டர் என்று இதற்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது.

அடுத்து மூலை. பேரிங் வந்து முட்டும் தோள்பட்டையில் கம்ப்யூட்டர் கூர்மையான மூலையை வரைந்து தந்துவிடும், லேத் தராது. டூலின் மூக்கிலேயே 0.4 அல்லது 0.8 ஆரம் இருக்கும், அது மூலையில் பதியும். 6205-ன் உள்மூலை ஆரம் குறைந்தபட்சம் 1 மி.மீ. ஷாஃப்டின் மூலை அதைவிடப் பெரிதானால் பேரிங் தோளில் போய் ஒட்டாது. அதனால் 0.8 ஃபில்லட்டோ (வளைத்த மூலை) ஒரு அண்டர்கட்டோ (மூலையில் சிறு பள்ளம்) அவன் யோசித்து வைத்திருக்க வேண்டும். கீ-வே கடைசலில் வருவதில்லை, மில்லிங்கில் வருவது. ரிவால்வ் முடிந்தபின் தனி கட்டாக அதைப் போடட்டும். திருகுமரை வருகிற பாகமாக இருந்தால் அதைச் சுருள் சுருளாக மாடல் செய்து அழகு பார்ப்பவர்களும் உண்டு. ஃபைல் கனப்பதுதான் மிச்சம். குறியீட்டு த்ரெட் போதும்.

இப்போது நீங்களே வைக்கக்கூடிய ஒரு சோதனை. "தம்பி, பேரிங்கை 6206 ஆக்கிடுப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். 25 மி.மீ. 30 ஆக வேண்டும். பேரிங் அகலமும் 15-லிருந்து 16 ஆகிறது. ஸ்கெட்சை முழுதாக அளவு கொடுத்துக் கட்டியிருந்தால் (சாலிட்வொர்க்ஸில் கோடுகள் நீலம் போய்க் கறுப்பாகும், ஃப்ரீகேடில் பச்சையாகும்) எண்ணை மாற்றியதும் உருவம் குலையாமல் மாறும். கோடுகள் கோணிக்கொண்டு ஓடினால் அடிப்படை இன்னும் வரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். "அம்மா, நடு விட்டம் 32 போதாது, பேரிங்குக்கு முட்டுக்கொடுக்கத் தோள் இல்லை, 36 ஆவது வேண்டும்" என்று அவனாகச் சொல்கிறானா? சொன்னால் அவனுக்கு அந்தக் கோர்ஸே வேண்டாம், நேராக வேலை தேடலாம்.

சொல்லவில்லை என்றாலும் கவலைப்பட ஒன்றுமில்லை, முக்கால்வாசிப் பேர் சொல்ல மாட்டார்கள். அதைக் கற்றுக்கொள்ள ஐந்து சாப்ட்வேர் எதற்கு? கட்டளைகளின் பெயரும் இடமும்தான் மாறும், ரிவால்வ் எல்லாவற்றிலும் ரிவால்வ்தான். ஒன்றில் கை நன்றாகப் படிந்தால் அடுத்ததைச் சில வாரத்தில் பிடித்துவிடலாம். ஃப்ரீகேட் முழுக்க இலவசம், 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. சாலிட் எட்ஜ் மாணவர்களுக்கு இலவசம். வீட்டுக் கம்ப்யூட்டரிலோ கல்லூரி லேபிலோ ஒரு மாதம் உட்காரட்டும். லீவு நாளில் பக்கத்து லேத் பட்டறையில் போய் நிற்கட்டும். ஜாப்பை சக்கில் எப்படிப் பிடிக்கிறார்கள், எந்த முகத்தை முதலில் ஃபேசிங் செய்கிறார்கள், நீளத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்று பார்த்தால் டிராயிங்கில் அளவு எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது தானாக விளங்கும். டர்னர் அண்ணன்கள் டீ வாங்கிக் கொடுத்தால் நிறையவே சொல்லித் தருவார்கள்.

அதற்கப்புறமும் சென்டரில் சேர வேண்டும் என்றால் சேரட்டும், ஒரே ஒரு சாப்ட்வேருக்கு மட்டும். எதற்கு என்பதை அவன் வேலைக்குப் போக நினைக்கிற ஊர்க் கம்பெனிகளின் விளம்பரங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். டாலரன்ஸ் போட்ட, ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில் (நம் ஊர் டிராயிங்கில் காட்சிகளை அடுக்கும் வழக்கம்) அமைந்த டிராயிங் ஷீட்டை மாணவன் முடித்துக் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். திரையில் கலர் கலராகச் சுற்றும் மாடலை மட்டும் காட்டினால் வெளியே வந்துவிடுங்கள். 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்றால் எந்தக் கம்பெனி, என்ன வேலை, என்ன சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் டிசைன் பயிற்சி ஏதாவது நடக்கிறதா என்று துறைத் தலைவரிடம் விசாரித்துவிடுவது அதற்கெல்லாம் முன்னால்.

பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்க்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சேர்க்கலாம், டிப்ளமோ முடித்தவர்களுக்கு அந்த வழி இருக்கிறது. அவன் மதிப்பெண் பட்டியலையும், வரைந்த ஷாஃப்டின் டிராயிங்கையும் அனுப்புங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு அதைப் பேசுவோம்.