அப்பாவின் மாட்டுப் பணமும் பேங்க் கேட்ட கேள்வியும்

வணக்கம் தங்கச்சி. சுங்கை சிப்புட்டில் அப்பா மாடு விற்ற 38,000 வெள்ளியை (ரிங்கிட்) பேங்கில் போடப் போனார், "பணம் ஏது?" என்று கவுண்டரில் கேட்டதும் பயந்து திரும்பிவிட்டார், சித்தப்பா இரண்டு நாளாகப் பிரித்துப் போடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

பிரிக்கவே வேண்டாம். ஒரே நாளில் 25,000 வெள்ளியோ அதற்கு மேலோ ரொக்கம் வந்தால் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு அறிக்கை அனுப்புவது பேங்கின் கடமை. 2019க்கு முன் அந்த வரம்பு 50,000. அது வெறும் பதிவு, குற்றச்சாட்டு இல்லை. ஆனால் அந்த அறிக்கையைத் தவிர்ப்பதற்காகப் பணத்தைக் கூறு போட்டால், கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் அம்லா சட்டத்தில் அதுவே தனிக் குற்றம். அப்புறம், சந்தேகம் வந்தால் பேங்க் தனியாக அனுப்பும் சந்தேக அறிக்கைக்கு இவ்வளவு தொகை என்ற கணக்கே கிடையாது. இன்றைக்கு 19,000, நாளைக்கு 19,000 என்று போய் நின்றால்தான் கண்ணை உறுத்தும்.

என் மாமா லாரி விற்ற பணத்தை மைலோ டின்னில் கொண்டுபோனார். நோட்டெல்லாம் மைலோ வாசம்! கவுண்டர் பெண் சிரித்துக்கொண்டே கேட்டது ஐசியும் (அடையாள அட்டை) விற்ற ரசீதும்தான்.

மாடு வாங்கிய வியாபாரியிடம் எத்தனை மாடு, என்ன விலை, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்பா பெயரிலேயே போடுங்கள். சித்தப்பா கணக்கில் போட்டால் இன்னும் பத்துக் கேள்வி வரும்.