நகையை வைத்துப் பதிவர் மாநாட்டுக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கங்க அண்ணா. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். நான் நாலு வருசமாகக் கொங்கு நாட்டுச் சமையல் பற்றி வலைப்பூ எழுதுகிறேன். அரிசிம்பருப்பு, சந்தகை, கொள்ளுப் பருப்பு, செலவு ரசம் என்று எங்க அமுச்சி செய்ததை எல்லாம் படத்தோடு போடுவேன். போன வருசம் கூகுள் விளம்பரத்தில் 48,000 ரூபாய் வந்தது. நான் கொடுக்கும் இணைப்பு வழியாகப் பாத்திரம், மிக்ஸி வாங்குகிறவர்களால் கமிஷன் 18,000. ஒரு செக்கு எண்ணெய்க் கம்பெனி அஞ்சு பதிவுக்கு 60,000 பேசி, ஏதோ பிடித்தம் போக 54,000 அனுப்பினார்கள். பெங்களூருவில் பதிவர்களுக்கான இரண்டு நாள் மாநாடு நடக்கிறது. டிக்கெட், தங்கல், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 18,500 ஆகும். அதோடு 45,000-க்கு ஒரு கேமராவும் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். வளையலை அடகு வைத்தால் சமாளித்துவிடலாம். எல்லாவற்றையும் தொழில் செலவாகக் காட்டினால் வரி மிச்சம் என்கிறார்கள். வீட்டுக்காரர் வெட்டிச் செலவு என்கிறார். நங்கையாவும் கூட வருகிறார், ஒரு நாள் சேர்த்துத் தங்கித் துணி எடுக்கலாம் என்று திட்டம். போகட்டுங்களா? கொள்ளுப் பொடி அரைத்து விற்கும் யோசனையும் இருக்கு. ஜிஎஸ்டி எடுக்கணுமா?
- பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: போய் வாருங்கள் அம்மணி. வளையல் கையிலேயே இருக்கட்டும். கேமரா இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் அந்த 54,000-ஐப் பார்ப்போம். எண்ணெய்க் கம்பெனி பிடித்த 6,000 எங்கும் போய்விடவில்லை. உங்கள் பான் எண்ணில் வருமான வரித் துறையிடம் இருக்கிறது. தொழில்முறைச் சேவைக்கு ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் பிடித்துக் கட்டியாக வேண்டும். 60,000-க்கு 6,000, கணக்கு சரியாக இருக்கிறது. வரித் துறையின் தளத்தில் உங்கள் பான் எண் வழியாக நுழைந்தால் யார் எவ்வளவு பிடித்துக் கட்டினார்கள் என்பது தெரியும். அங்கே அந்தத் தொகை இல்லையென்றால் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பிடித்தவர்கள் கட்டியிருக்க வேண்டும். அங்கே இருக்கிறதென்றால் கெடுவுக்குள் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால் முழுப் பணமும் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்துவிடும். மாநாட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்குத் தெரியாமலே சேர்ந்து கிடக்கிறது.

முழுப் பணமும் வரும் என்பதற்குக் காரணம், நீங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி 4 லட்சம் வரை வரியே கிடையாது. அதற்கு மேலும் 12 லட்சம் வரை தள்ளுபடி இருக்கிறது. உங்கள் மொத்த வரவு 1,26,000. இதில் 18,500-ஐச் செலவாகக் காட்டினாலும் வரி பூஜ்யம், காட்டாவிட்டாலும் பூஜ்யம். ஆகவே 'வரி மிச்சம்' என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது. பெரிய சம்பாத்தியம் உள்ளவர்களுக்குச் சொல்லும் யோசனையை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி, வரி கட்டாதவர்களும் வரியை மிச்சம் பிடிக்கச் செலவு செய்கிறார்கள். அதிக வரி கட்டுகிறவருக்கே 100 ரூபாய் செலவு செய்தால் 30 ரூபாய்தான் மிஞ்சும், மீதி 70 அவர் கைக்காசு. உங்களுக்கு நூறும் கைக்காசு.

இனி, இது தொழிலா பொழுதுபோக்கா என்ற வழக்கு. சட்டத்தின் கண்ணில் இது தொழில்தான். லாப நோக்கத்தோடு, விடாமல், நாலு வருசமாக நடக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் வெட்டிச் செலவு என்று சொல்வதற்கும் ஒரு நியாயம் உண்டு. அவர் தறிக் கணக்கை வாரா வாரம் போட்டுப் பார்க்கிறவர். உங்கள் கணக்கை யாரும் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய செலவு விவரத்தை வைத்து நான் போட்டுப் பார்த்தேன். டொமைன், ஹோஸ்டிங் (வலைப்பூவின் பெயருக்கும் இணையத்தில் அதன் இடத்துக்கும்) 6,500. இணையக் கட்டணத்தில் பாதி 3,600. விளக்கும் ஸ்டாண்டும் 2,400. படம் எடுப்பதற்கென்றே வாங்கிய பாத்திரம், பொருள் 8,500. ஆக 21,000 போனால் மிச்சம் 1,05,000. வாரம் 18 மணி நேரம் உட்காருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் மணிக்கு ஏறக்குறைய 112 ரூபாய். வெட்டி வேலைக்கு யாரும் மணிக்கு 112 ரூபாய் தருவதில்லை. இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். வருமானம் இந்த அளவில் இருக்கும்போது கணக்குப் புத்தகம் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் எழுதுங்கள். வலைப்பூவுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்கி, வரவெல்லாம் அதில் வந்து, செலவெல்லாம் அதிலிருந்தே போகட்டும். கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பும் என்பதால் உங்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். அது வீட்டுக் கணக்கில் விழுந்தால் மளிகைக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் கரைந்துவிடும், வந்ததே தெரியாது.

மளிகை என்றதும் ஒரு எச்சரிக்கை. சமையல் பதிவர்கள் பலர் வீட்டு மளிகை பில் முழுவதையும் தொழில் செலவில் எழுதிவிடுகிறார்கள். செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்கே ஆனதாக இருக்க வேண்டும் என்பது விதி. படம் எடுத்து முடித்ததும் அந்த ஒப்புட்டைச் சாப்பிட்டது உங்கள் பிள்ளைகள்தானே? அது வீட்டுச் செலவு. அதே போல பெங்களூரு பயணத்தில் மாநாட்டு டிக்கெட், உங்கள் ரயில் கட்டணம், மாநாட்டு நாட்களின் அறை வாடகை தொழிலுக்கு. நங்கையாவின் கட்டணமும், துணி எடுக்கத் தங்கும் மூன்றாம் நாளும் வீட்டுக்கு. பணத்தை யுபிஐ வழியாகவே கொடுங்கள், ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். டிக்கெட் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியா, விலையிலேயே சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர், அதனால் அந்த வரி திரும்பக் கிடைக்காது.

இப்போது முக்கியமான கேள்வி: 18,500 போட்டால் என்ன வரும்? உங்கள் மாத மிச்சம் 8,750, அதாவது இரண்டு மாத உழைப்பை அங்கே கொண்டுபோய் வைக்கிறீர்கள். ஒரு ஸ்பான்சர் பதிவுக்கு 12,000 வாங்குகிறீர்கள். இரண்டு புது கம்பெனி கிடைத்தால் போட்டது திரும்பிவிடும். ஒன்று கிடைத்தால் நட்டம். இந்தக் குறியை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் வெளிநாட்டுக் கண்காட்சிக்குக் கிளம்பினால், எந்த பையரைப் பார்ப்பது, என்ன சாம்பிள் கொண்டுபோவது, வந்தவுடன் யாருக்கு மெயில் போடுவது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பேச்சாளர் பட்டியலையும் ஸ்பான்சர் பட்டியலையும் இப்போதே எடுங்கள். சமையல் எண்ணெய், மசாலா, சிறுதானியம், பாத்திரம் சம்பந்தப்பட்டவர்கள் யார் யார் என்று பாருங்கள். அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே நாலு வரியில் மெயில் போடுங்கள். கையில் ஒரு பக்கத் தாள் இருக்கட்டும்: மாதம் எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்த ஊர்க்காரர்கள், அதிகம் படிக்கப்பட்ட ஐந்து பதிவுகள், உங்கள் கட்டணம். கொங்குச் சமையலை அளவோடும் பக்குவத்தோடும் எழுதுகிறவர் என்பதுதான் உங்கள் பலம், பொதுவான சமையல் பதிவர் என்று சொல்லிக்கொண்டு கூட்டத்தில் கரைந்துவிடாதீர்கள். மேடைப் பேச்சைப் பல சமயம் பிறகு வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டு வரிசையில் நிற்கும் ஆளை வீடியோவில் பிடிக்க முடியாது. திரும்பிய வாரத்துக்குள் பார்த்த ஒவ்வொருவருக்கும் மெயில் போய்விட வேண்டும்.

அங்கே ஒன்றுக்கு மட்டும் கண்டிப்பாக இடம் கொடுக்காதீர்கள். ஆறே மாதத்தில் லட்சம் சம்பாதிக்கலாம் என்று மேடையில் பேசிவிட்டு, இன்று மட்டும் இந்த விலை என்று 30,000, 40,000 ரூபாய்ப் பயிற்சியைத் தவணையில் தலையில் கட்டுகிறவர்கள் இருப்பார்கள். இதில் எனக்கு மிகுந்த கோபம் உண்டு. வீட்டிலிருந்தபடி சிறுகச் சிறுகச் சம்பாதிக்கும் பெண்களைத்தான் அவர்கள் அதிகம் குறி வைக்கிறார்கள். மாநாட்டு அரங்கில் எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் முடிவு என்று இப்போதே உங்களுக்கு நீங்களே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வழி: திரும்பி வரும் 6,000, மீதிக்கு அடுத்த ஆட்சென்ஸ் வரவு, கமிஷன். ரிட்டர்ன் பணம் வரத் தாமதமானால் அடுத்த ஸ்பான்சர் பதிவிலிருந்து எடுங்கள். வலைப்பூவின் செலவை வலைப்பூவே தாங்க வேண்டும். வலைப்பூவால் தாங்க முடியாத செலவென்றால் வலைப்பூ இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை என்று அர்த்தம். ஒரே இரவு தங்குவது போல ரயிலைப் பார்த்துக்கொண்டால் அறை வாடகையும் பாதியாகும். ஈரோட்டிலிருந்து பெங்களூருவுக்கு வண்டிகளுக்குப் பஞ்சமில்லை.

கேமராவை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றால், உங்கள் படங்களைப் பார்த்தேன். கைபேசியில் எடுத்ததே நன்றாகத்தான் இருக்கிறது. கேமராவுக்குப் போட்ட பணத்தை ஒரே வருடத்தில் செலவாக எழுதவும் முடியாது, அது சொத்து. ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம்தான் கழிக்கலாம். இரண்டு வருசம் ஒழுங்காக ரிட்டர்ன் போட்டு, அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவையும் எடுத்து வையுங்கள். அதற்கு ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பிறகு கேமரா உண்மையாகவே தேவைப்பட்டால், சிறு தொழில் கடனுக்கான முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். அப்போது வளையலைத் தொடாமலே வாங்கிவிடுவீர்கள்.

ரிட்டர்னில் ஒரு நுணுக்கம். சிறு தொழில்களுக்கு மொத்த வரவில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய முறை ஒன்று உண்டு, சிலர் அதைச் செய்யச் சொல்வார்கள். கமிஷன் வருமானம் உள்ளவருக்கு அந்த வழி பொருந்தாது. உங்களுக்கு 18,000 கமிஷன் இருக்கிறது. ஆகவே வரவு செலவைக் காட்டி ஐடிஆர்-3 படிவத்தில் ரிட்டர்ன் போடுங்கள். ஒரு ஆடிட்டரிடம் முதல் முறை உட்கார்ந்து செய்துவிட்டால் அடுத்த வருசம் நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனி ஒன்று இலவசமாகக் கிரைண்டர் அனுப்பியதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் மதிப்பும் வருமானம்தான், கணக்கில் எழுதுங்கள். ஒரே நிறுவனம் ஒரு வருசத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தால் அதற்கும் 10 சதவீத வரிப்பிடித்தம் உண்டு. அதைவிட முக்கியம், காசோ பொருளோ வாங்கிக்கொண்டு எழுதிய பதிவில் 'விளம்பரம்' என்று மேலேயே தெரியும்படி போட வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, அதைப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த எண்ணெய்ப் பதிவுகள் ஐந்திலும் இந்த வார்த்தை இல்லை. இன்றே சேர்த்துவிடுங்கள். உங்கள் அமுச்சியின் கைப்பக்குவத்தை நம்பித்தான் ஜனங்கள் அந்த எண்ணெயை வாங்குகிறார்கள்.

பெங்களூருவுக்கு ஈடாக நம் ஊரிலேயே வழி இல்லையா என்று உங்களுக்குத் தோன்றலாம். 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோவைச் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதே காலத்தில் ஈரோட்டிலும் பதிவர்கள் திரண்டு சங்கமம் நடத்தினார்கள். அன்றைக்கு அது நட்புக்கும் தமிழுக்குமான கூட்டம், காசு பேச வாய்ப்பே இல்லை. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018-இல்தான். இப்போது நிலைமை வேறு. தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு விடை சொல்லத் தொடங்கிவிட்டதால், சமையல் குறிப்புக்காக உங்கள் பக்கத்துக்கு வருகிறவர்கள் குறையலாம், அந்த 48,000-ஐ நிரந்தரம் என்று எண்ணாதீர்கள். ஈரோடு, திருப்பூர், கோவை, பொள்ளாச்சிப் பக்கம் எழுதுகிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், யார் எந்தக் கம்பெனியிடம் என்ன கட்டணம் வாங்குகிறார்கள் என்பது வெளிச்சத்துக்கு வரும். ஐந்து பதிவுக்கு 60,000 என்பது அதிகமா குறைவா என்பதையும் அங்கேதான் தெரிந்துகொள்வீர்கள். எனக்குக் குறைவாகப் படுகிறது.

ஜிஎஸ்டி: சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. கூகுள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் ஏற்றுமதிச் சேவைக் கணக்கில் வரும். உங்கள் 1,26,000-க்கு இந்தக் கவலை வேண்டாம். கொள்ளுப் பொடி வேறு சங்கதி, அது பொருள் விற்பனை. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்கூட விற்கக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் விற்கும் வரை ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழேதான் இருப்பீர்கள். பெங்களூருவில் பழகிய ஒருவர் கேட்டார் என்று மாநிலம் தாண்டிக் கொரியரில் விற்க ஆரம்பித்தால், வரவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிவிடும். பொடி ஆர்டரை அங்கே வாங்கிவிடாதீர்கள், ஸ்பான்சர் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.