கேப் டவுன் கடலில் மெகலோடான் சுறா இருப்பதாக டிஸ்கவரி காட்டியது உண்மையா?

டர்பனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "கேப் டவுன் பக்கம் மெகலோடான் இன்னும் உயிரோடு இருப்பதாக ஒரு ஆவணப்படத் துண்டு எங்கள் சாட்ஸ்வர்த் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. டிஸ்கவரி சேனலே காட்டியதாம். பொய் என்றால் ஒரு பெரிய சேனல் அதை எப்படிக் காட்ட முடியும்? நாம் என்ன செய்யலாம்?"

டிஸ்கவரி காட்டியது உண்மை. காட்டிய விஷயம் பொய்.

படத்தின் பெயர் 'மெகலோடான்: தி மான்ஸ்டர் ஷார்க் லிவ்ஸ்'. 2013 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்காவில் டிஸ்கவரி ஆண்டுதோறும் நடத்தும் 'ஷார்க் வீக்' என்ற சுறா வார வரிசையின் முதல் நிகழ்ச்சியாக வந்தது. சுமார் 48 லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் கடல் உயிரியலாளர் காலின் டிரேக் என்று வருபவர் ஒரு நடிகர். நம் தென்னாப்பிரிக்கக் கடலில் சுறா தாக்கி மூழ்கியதாகச் சொல்லும் மீன்பிடிப் படகு கற்பனை. 1942இல் கேப் டவுன் அருகே எடுத்ததாகக் காட்டும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் படத்தில் தெரியும் சுறாத் துடுப்புகள் பிறகு ஒட்டப்பட்டவை.

மெகலோடான் என்ற சுறா ஒரு காலத்தில் இருந்தது. சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. ஆழ்கடலில் ஒளிந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்குப் பல்லே பதில். ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கும். மெகலோடானின் கல்லாகிப்போன பற்கள் உலகமெங்கும் கிடைக்கின்றன, கல்லாகாத பல் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. தவிர, அது திமிங்கிலம் தின்ற சுறா. இன்றும் இருந்தால், ஆண்டுதோறும் நம் கரையோரம் வரும் திமிங்கிலங்களின் உடம்பில் அதன் கடி தெரிந்திருக்கும்.

எப்படிக் காட்ட முடிந்தது என்பதற்கு வருகிறேன். விளம்பரம், நிகழ்ச்சி, கடைசியில் வரும் அறிவிப்பு என்று மூன்று இடத்தில் இந்த வேலை நடக்கிறது. பலரும் நிகழ்ச்சியை மட்டும் குறை சொல்கிறார்கள். எனக்கு விளம்பரம்தான் பெரிய குற்றமாகத் தெரிகிறது. 'இது கதை' என்று அங்கேயே சொல்லியிருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டது தற்செயல் அல்ல.

2012இல் டிஸ்கவரி குழுமத்தின் இன்னொரு சேனலான அனிமல் பிளானட் 'மெர்மெய்ட்ஸ்: தி பாடி ஃபவுண்ட்' என்ற கடற்கன்னிப் படத்தை வெளியிட்டபோது, கூடவே ஒரு இணையதளம் முளைத்தது. உள்ளே போனால், அமெரிக்க அரசு இந்தத் தளத்தைக் கைப்பற்றிவிட்டது என்று அரசு முத்திரைகளோடு ஓர் அறிவிப்பு. எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணத்தை விதைக்க அது போதும். மக்களிடமிருந்து கேள்விகள் வர, அமெரிக்க அரசின் கடல் ஆய்வு நிறுவனமான நோவா, கடல்வாழ் மனித உருவங்களுக்கு எந்தச் சான்றும் கிடைத்ததில்லை என்று அறிக்கை விட நேர்ந்தது. 2014இல் கனடாவில் ஒன்ராறியோ ஏரியில், அதாவது நன்னீரில், சுறா தென்பட்டதாக ஒரு வீடியோ பரவியது. யாரோ மீன் பிடிக்கப் போனவர் எடுத்தது போல இருந்த அது, ஷார்க் வீக்கிற்காக அங்குள்ள டிஸ்கவரியின் உரிமையாளர் நிறுவனம் தயாரித்த விளம்பரம் என்று பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

நிகழ்ச்சிக்குள் செய்வது உண்மையையும் பொய்யையும் பின்னுவது. கடற்கன்னிப் படத்தில் வரும் 'புளூப்' என்ற கடலடி ஒலி நிஜம். 1997இல் நோவாவின் கருவிகள் பதிவு செய்ததுதான். பனிப்பாறை உடையும் ஓசை என்று பிறகு விளக்கினார்கள். கடற்படை சோனாரால் திமிங்கிலங்கள் கரை ஒதுங்குவதும் நடந்திருக்கிறது. இந்த இரண்டையும் தேடிப் பார்ப்பவருக்குச் சரியான தகவல் கிடைக்கும், மூன்றாவதாகச் சொல்லும் பொய்யையும் அவர் நம்பிவிடுவார்.

கடைசியில் வரும் அறிவிப்பு சில வினாடிகள்தான். மெகலோடான் படத்தில் 'சில நிகழ்வுகளும் பாத்திரங்களும் நாடகமாக்கப்பட்டவை' என்ற பொருளில் ஒரு வரி ஓடியது, ராட்சதச் சுறாக்கள் பற்றிய விவாதம் தொடர்கிறது என்ற வரியும் கூடவே வந்தது. அடிப்படையே கற்பனை என்றிருக்கும்போது 'சில' என்பது இன்னொரு பொய். நடுவில் சேனல் மாற்றுபவருக்கு அதுவும் கண்ணில் படாது. வாட்ஸ்அப்பில் வரும் துண்டில் அந்தப் பகுதி இருக்கவே இருக்காது.

நம் நாட்டுக்காரர்கள் கோபப்பட வேண்டிய படம் இன்னொன்று. 2014இல் வந்த 'ஷார்க் ஆஃப் டார்க்னஸ்', ஹவுட் பே அருகே திமிங்கிலம் பார்க்கப் போன படகு கவிழ்ந்து, 'சப்மரீன்' என்ற ராட்சதச் சுறா பயணிகளைத் தாக்கியதாகச் சொல்கிறது. 2012 அக்டோபர் 13 அன்று அதே ஹவுட் பேயில் மிரோஷ்கா என்ற சுற்றுலாப் படகு உண்மையிலேயே கவிழ்ந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். கவிழ்ந்த படகுக்கு அடியில் சிக்கிய மூன்று பெண்களை மணிக்கணக்கில் போராடி மீட்டார்கள். அதில் சுறாவுக்கு எந்தப் பங்கும் இல்லை. இரண்டே ஆண்டில் அந்தத் துயரத்தின் சாயலில் ஒரு பொய்க்கதை! செத்தவர்களின் வீட்டாரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் 'சப்மரீன்' சுறா பற்றிய கதையே, மக்கள் எவ்வளவு தூரம் நம்புவார்கள் என்று பார்க்க 1970களில் இங்குள்ள பத்திரிகையாளர்கள் கட்டிவிட்டதாகச் சொல்லப்படுவது.

இனி இப்படி ஒன்று வந்தால் முதலில் நிபுணரின் பெயரைத் தேடுங்கள். கடல் ஆய்வாளர் என்றால் ஆய்வுக் கட்டுரைகளும் பல்கலைக்கழகப் பக்கமும் இருக்கும். படத்தைப் பற்றிய செய்தியில் மட்டுமே பெயர் வந்தால் சந்தேகப்படுங்கள். கடைசிவரை ஓடவிட்டு பெயர்ப் பட்டியலை நிறுத்திப் படியுங்கள். அந்த 'விஞ்ஞானி' நடிகர் பட்டியலில் இருந்தால் வேலை முடிந்தது. படகு விபத்து என்றால் இங்கே சரிபார்ப்பது எளிது. கடல் மீட்பு அமைப்பான என்எஸ்ஆர்ஐ தான் கலந்துகொள்ளும் மீட்புகளைப் பற்றித் தொடர்ந்து செய்தி வெளியிடுகிறது. உயிர்ச்சேதம் ஏற்பட்ட விபத்து அங்கேயும் இல்லை, உள்ளூர்ப் பத்திரிகையிலும் இல்லை என்றால் அது நடக்கவில்லை என்றே கொள்ளலாம். பிள்ளைகள் சுறா சுறா என்று கேட்டால் உம்ஷ்லாங்காவில் உள்ள சுறா வாரியத்திற்குக் கூட்டிப் போங்கள். ஓர்க்கா என்ற கொலைகாரத் திமிங்கிலங்கள் வெள்ளைச் சுறாவைக் கொன்று ஈரலைத் தின்றதும், 2017இல் கான்ஸ்பாய் கரையில் அப்படிப்பட்ட உடல்கள் ஒதுங்கியதும் எந்தக் கற்பனைக்கும் குறைந்ததல்ல.

பழைய படங்கள் பற்றி இப்போது புகார் செய்ய முடியாது. டிஸ்கவரியின் அப்போதைய புதிய தலைவரே 2015இல் இத்தகைய படங்கள் இனி வேண்டாம் என்று அறிவித்தார். புதிதாக ஒன்று டிஎஸ்டிவியிலோ இ.டிவியிலோ வந்தால், பிசிசிஎஸ்ஏ என்ற ஒளிபரப்புப் புகார் ஆணையத்திற்கு எழுதலாம். கட்டணம் இல்லை. ஒளிபரப்பான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். யூடியூப் வீடியோ அதன் வரம்பில் வராது. பத்திரிகையிலோ சாலையோரப் பலகையிலோ வந்த விளம்பரம் என்றால் விளம்பர ஒழுங்குமுறை வாரியத்திடம் போகவேண்டும்.

பொதுவாக 'பொய் காட்டுகிறார்கள்' என்று எழுதினால் எடுபடாது. செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்ற விதி செய்திக்குத்தான் நேராகப் பொருந்தும், மற்றதைப் படைப்புச் சுதந்திரம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் சேனல், தேதி, நேரம், விளம்பரம் சொன்ன வாசகம், உண்மை நிகழ்ச்சி என்று அது எப்படி முன்வைக்கப்பட்டது, 'கற்பனை' என்ற அறிவிப்பு எந்த நிமிடத்தில் வந்து எத்தனை வினாடி நின்றது என்று வரிசையாக எழுதுங்கள். டீகோடரில் பதிவு செய்து வைத்திருந்தால் முடிவு வரும்வரை அழிக்காதீர்கள்.