போலி ஆன்டிவைரஸை விரட்டுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: திரையின் வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று மெக்காஃபி ஆன்டிவைரஸ் பெயரில் ஓயாமல் வருகிறது. நான் மெக்காஃபி போட்டதே இல்லை. எப்படி எடுப்பது?

பதில்: அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள். சின்ன எழுத்தில் குரோம் என்றும், பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு தள முகவரியும் இருந்தால், அது வைரஸ் இல்லை, வெறும் நோட்டிஃபிகேஷன். ஓசியில் படம் பார்க்கப் போன இடத்தில் "ரோபோ இல்லையென்றால் அலோவை அழுத்துங்கள்" என்றிருக்கும், அழுத்தியிருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அந்த முகவரியை நீக்குங்கள். இதற்கெல்லாம் ஃபார்மட் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஒரு தளத்தில் ஸ்கேன் ஓடி, சி டிரைவில் வைரஸ் இருப்பதாகக் காட்டியதே?

பதில்: அது அனிமேஷன். வெப் பக்கம் உங்கள் டிரைவைத் துழாவ முடியாது. சி டிரைவே இல்லாத மேக்கில் திறந்தாலும் இதே காட்சியை ஓட்டிய தளங்கள் உண்டு. பழைய வியாபாரம்தான். வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்ற பெயர்களில் இப்படிப் பயமுறுத்தி, 10 லட்சம் பேருக்கு மேல் ஏமாற்றி விற்றதாக 2008 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது. 2012இல் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

கேள்வி: திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம், ஒரு ஃபோன் நம்பர். மூடவே முடியவில்லை.

பதில்: எஸ்கேப் கீயைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய டேப்களை ரீஸ்டோர் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் ஃபோன் நம்பரே இருக்காது. நம்பர் இருந்தால் டுபாக்கூர்தான்.

கேள்வி: எனக்குப் போலி ஆன்டிவைரஸ் நிஜமாகவே இன்ஸ்டால் ஆகிவிட்டது. பிடிஎஃப் கன்வெர்ட்டர் ஒன்றோடு வந்தது. அன்இன்ஸ்டால் ஆகவில்லை, டாஸ்க் மேனேஜரையும் திறக்க விடவில்லை.

பதில்: முதலில் நெட்டைத் துண்டியுங்கள். ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட்; பட்டியல் வந்ததும் 4 அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ். (டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் கீயைக் கேட்கலாம், தயாராக வைத்திருங்கள்.) அங்கே பெரும்பாலும் அது தானாகக் கிளம்பாது. ஆப்ஸ் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, அந்தக் கன்வெர்ட்டர் வந்த நாளில் சேர்ந்த எல்லாவற்றையும் தூக்குங்கள். சிலது சேஃப் மோடில் போகாது. அவற்றின் ஸ்டார்ட்அப்பை மட்டும் நிறுத்திவிட்டு, சாதாரணமாகத் திறந்தபின் நீக்கலாம். குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள். எடுத்தது மறுநாள் திரும்பி வந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடுவதால் அதனிடம் ஒளிவது கடினம். கடைசியாக, நெட் வராவிட்டால், நெட்டை இடையில் வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் பிராக்ஸி செட்டிங்கைப் பாருங்கள். போகிற போக்கில் அந்தப் போலி அதை மாற்றிவைத்திருக்கும்.

கேள்வி: அப்பா அந்த நம்பருக்குப் பேசி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க்கில் அனுமதி கொடுத்து, கார்டிலும் பணம் கட்டிவிட்டார்.

பதில்: கம்ப்யூட்டர் அப்புறம். நெட்டைப் பிடுங்கிவிட்டு வங்கிக்கு ஃபோன் செய்து கார்டை முடக்குங்கள், உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930இல் புகார் கொடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். எனிடெஸ்க்கை நீக்கி, மேலே சொன்ன ஸ்கேனையும் ஓட்டுங்கள். அப்பாவைத் திட்டாதீர்கள், அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடுவார்.

கேள்வி: காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

பதில்: வீட்டுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: மேக்கில் இந்தத் தொல்லை இல்லையாமே?

பதில்: யார் சொன்னது? 2011இல் மேக் டிஃபெண்டர் என்ற பெயரிலேயே ஒரு போலி வந்தது. அதை நீக்க ஆப்பிள் தனி அப்டேட்டே விட்டது.